கடைசி அடியில் இருந்த பெயர்

குத்ஸியா பானுவுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம் என்று மாலேகாவ் ஆண்கள் சொல்வார்கள். சொல்பவர்களின் மூஞ்சியைப் பார்த்தாலே காரணம் கிடைத்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஏழாம் வகுப்பில் அவள் மழையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். வாசித்த டீச்சர் நிமிர்ந்து பார்த்து, "யாருடி எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார். நான்தான் என்றாள். "பொய் சொல்லாத. உங்க அண்ணனா, மாமாவா?" என்றார் டீச்சர். குத்ஸியா அந்தத் தாளைத் திரும்ப வாங்கி, நான்காகக் கிழித்து, மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டால் மறுபடி சேர்த்துக்கொள்வதாக ஆள் விட்டார்கள். கேட்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு போதும் என்று அப்பாவும் கைகழுவிவிட்டார். பன்னிரண்டு வயதில் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அந்த ஊரில் ஆண்கள் விசைத்தறி ஓட்டுவார்கள், பெண்கள் வீட்டில் தறிக்கான நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுவார்கள். வலது கை ராட்டையைச் சுழற்றும். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூல் ஓடி, தார்க்குச்சியில் ஏறும். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை இதே வேலைதான். வருஷக்கணக்கில் நூல் ஓடி ஓடி இடது ஆள்காட்டி விரலில் ஒரு கோடு விழுந்துவிடும். மருதாணி வைத்தாலும் அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். கல்யாணப் பெண்ணின் கையைப் பார்த்தே அவள் எத்தனை வருஷம் தார் சுற்றினாள் என்று மற்றப் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

ராட்டை சுற்றும்போது வாய் சும்மாதானே இருக்கிறது? குத்ஸியாவுக்குப் பதினாறு வயதில் கஜல் வர ஆரம்பித்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த ஊரில் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. டீ ஹோட்டலில் கஜல், சலூனில் கஜல், தறிக்கூடத்தில் பாவு நூல் அறுந்து நின்றால் முடிச்சுப் போடும் நேரத்தில் இரண்டு அடி. கழுத்தில் கத்தி வைத்துச் சவரம் நடக்கும்போதுகூட, பக்கத்து நாற்காலிக்காரன் சந்தம் பிசகிப் பாடினால் தலையைத் திருப்பிப் பார்த்துவிடுவார்கள். அப்படிப்பட்ட காதுகள். அந்தக் காதுகளுக்கு ஒரு பெண்ணின் பெயர் மட்டும் கடைசிவரை கேட்கவில்லை.

கஜல் எழுதுகிறவர்கள் கடைசி ஈரடியில் தங்கள் புனைபெயரை வைப்பார்கள். இது என்னுடையது என்று சொல்ல அதைவிட வேறு சாட்சி கிடையாது. குத்ஸியா தனக்கு 'தபிஷ்' என்று வைத்துக்கொண்டாள். கொதிப்பு என்று அர்த்தம். பொருத்தமாகத்தான் இருந்தது.

பதினெட்டு வயதில் அப்துல் வதூதுக்குக் கட்டிவைத்தார்கள். வதூத் தறி மிஸ்திரி. ஐம்பது தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்தில் வாசலில் நின்றபடியே, எந்தத் தறியில் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவான். ஆனால் கஜலின் சந்தம் மட்டும் அவன் காதில் ஏறாது. மனைவி எழுதுகிறாள் என்பதில் அவனுக்கு வாய் கொள்ளாத பெருமை. நல்ல மனிதன். யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டான். அந்தக் கடைசிக் குணம்தான் பின்னால் வினையாக முடிந்தது.

ஊரில் கவிஞர்களின் மன்றம் ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை கூடுவார்கள். ஓய்வுபெற்ற உர்தூ வாத்தியார் ரியாஸத் மாஸ்டர்தான் அதன் செயலாளர். பெண்கள் அங்கே போய் உட்காரும் வழக்கம் இல்லை. பெண் எழுதினால் தாளில் எழுதி அனுப்பலாம், குரல் நன்றாக இருக்கிற யாராவது அவள் பெயரைச் சொல்லி வாசிப்பார்கள். குத்ஸியா எழுதித் தந்தாள், வதூத் கொண்டுபோய்க் கொடுத்தான், மாஸ்டர் அதைக் கமரிடம் நீட்டினார்.

கமர் ஜவுளித் தரகர் வீட்டுப் பிள்ளை. அவன் வீட்டுப் பெண்கள் ராட்டையைத் தொட்டதே கிடையாது. அவனும் கஜல் எழுதிக்கொண்டிருந்தான், சுமார். குரல் மட்டும் அல்லாவின் கொடை. அவன் "தண்ணி குடு" என்று கேட்டாலே நாலு பேர் வாஹ் சொல்வார்கள். முதல் மூன்று முறை "தபிஷ் சாஹிபாவின் கஜல்" என்று ஒழுங்காகத்தான் வாசித்தான்.

அப்புறம் புர்ஹான்பூரில் ஒரு முஷாயிரா. மேடை முழுக்கக் கவிஞர்கள், எதிரே ஆயிரம் பேர். கமர் தன்னுடைய கஜலை ஆரம்பித்தான், கூட்டம் பீடி பற்றவைத்தது. அவமானம் தாங்காமல் பையிலிருந்த குத்ஸியாவின் தாளை எடுத்தான். நான்கு முறை "முகர்ரர், முகர்ரர்" என்று திரும்பப் பாடச் சொன்னார்கள். கடைசி ஈரடி வந்தது. தபிஷ் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கமர் என்றான். சந்தம் ஒரு இம்மி அசையவில்லை. இரண்டு பெயருக்கும் ஒரே எடை. ஒரு பெயரைத் தூக்கிவிட்டு இன்னொன்றை வைத்தது எந்தக் காதுக்கும் தெரியவில்லை.

குத்ஸியாவுக்குத் தெரிந்தது ரேடியோவில். பகல் நேரம், முற்றத்தில் ஆறேழு பெண்கள் தார் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஹாஜரா தன் டிரான்ஸிஸ்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். உர்தூ நிகழ்ச்சியில் கமரின் குரல் வந்தது. முதல் அடியிலேயே எல்லா ராட்டையும் நின்றுவிட்டது. அந்த முற்றத்தில் பிறந்த கஜல் அது. ஊர் மன்றத்துக்குப் போகும் முன்பே அந்தப் பெண்களுக்கு மனப்பாடம்.

*வாசல்வரை வந்த காற்றை வா என யார் கேட்டார்*
*வந்த பின்னே போன கதை ஏன் என யார் கேட்டார்*

"ஆபா, உங்களோடதுதானே!" என்று ஹாஜரா துள்ளினாள். குத்ஸியா கையை உயர்த்தி அவளை அடக்கினாள். கடைசி ஈரடிவரை கேட்டாள். "கமர், உன் பேர் தீயில் எழுதி" என்று ரேடியோ பாடியது. குத்ஸியா எழுந்துபோய் அதன் காதைத் திருகி நிறுத்தினாள். குமிழ் கையோடு வந்துவிட்டது.

வதூதை அனுப்பினாள். அவன் போய்த் திரும்பிவந்து, கமர் ரொம்ப வருத்தப்பட்டான் என்றான். மேடையில் நாக்கு புரண்டுவிட்டதாம்.

"ரேடியோலயுமா புரண்டுச்சு?"

"பழக்கத்துல வந்துருச்சாம். இனிமே நடக்காதுன்னு குர்ஆன் மேல கைவெச்சு சொல்றேன்னான். நான்தான் அதெல்லாம் வேணாம்பான்னு..."

"வேணாம்னீங்களா?"

"சின்னப் பையன் குத்ஸியா. டீ வேற வாங்கிக் குடுத்தான்."

அடுத்த ரமலானுக்குள் கமரின் புத்தகம் வந்துவிட்டது. மோவாயில் கைவைத்த போட்டோ அட்டையில். உள்ளே, அதுவரை மன்றத்துக்கு அனுப்பியிருந்த குத்ஸியாவின் கஜல்கள் பதினேழு. பதினேழிலும் கடைசி ஈரடியில் கமர் நீட்டிப் படுத்திருந்தான். வெட்கங்கெட்டவன் முன்னுரையில் ராத்திரியெல்லாம் கண்விழித்து எழுதியதாக வேறு சொல்லியிருந்தான். யாருடைய ராத்திரி?

குத்ஸியா முகத்தை மூடும் நகாபைப் போட்டுக்கொண்டு நேரே ரியாஸத் மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். அவர் கட்டிலில் சாய்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இதெல்லாம் என் கஜல். நீங்கதானே தாள வாங்கி அவன்கிட்ட குடுத்தீங்க?"

"குடுத்தேம்மா. யாரு இல்லேன்னா? ஆனா நீ இப்ப சபையில வந்து சொன்னேன்னு வெய்யி, ஊர் என்ன சொல்லும்?"

"என்ன சொல்லும்?"

"தறி மிஸ்திரி பொண்டாட்டிக்கு இப்படி வருமான்னு கேக்கும். பொம்பளைங்க பேர்ல வர்றது பூரா எவனோ ஒரு ஆம்பள எழுதிக் குடுக்கறதுன்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு. நான் சொல்லல, ஊரு சொல்லுது." பாக்கை வாயில் போட்டுக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். நான் ஒரு அடி தர்றேன். அதே சந்தத்துல, இங்கயே உக்காந்து ஏழு ஈரடி சொல்லு. சொல்லிட்டா நான் நம்பறேன்."

"கமர்கிட்ட இந்தப் பரீட்சை வெச்சீங்களா?"

"அவன்கிட்ட எதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கறேன். எங்கிட்ட எதுக்கு?"

மாஸ்டர் பாக்கை மென்றார். குத்ஸியாவால் அங்கேயே ஏழு என்ன, எழுபது சொல்லியிருக்க முடியும். சொல்லியிருக்கலாமே, காரியம் முடிந்திருக்குமே என்று பின்னாளில் புத்திமதி சொன்னவர்கள் உண்டு. திருட்டுக்கொடுத்தவளிடம் போய் அது உன் நகைதான் என்பதற்கு ஒருமுறை ஆடிக் காட்டு என்றால் எந்த மானமுள்ளவள் ஆடுவாள்? அவள் திரும்பி வந்துவிட்டாள்.

எட்டு வருஷம் ஓடியது. ஒரு தாள்கூட மன்றத்துக்குப் போகவில்லை. குத்ஸியா எழுதுவதை நிறுத்திவிட்டாள் என்று மாஸ்டர் நிம்மதியாக இருந்தார். அவள் நிறுத்தவில்லை. தாளில் எழுதினால்தானே திருடுவான் என்று, முற்றத்தில் ராட்டைக்கு முன்னால் சொன்னதோடு சரி. கேட்ட பெண்கள் தங்கள் வீட்டு ராட்டைக்கு எடுத்துப் போனார்கள். அவர்களிடமிருந்து நாத்தனார்களுக்கும் ஓரகத்திகளுக்கும் போனது. ஆறேழு தெருக்களில், தார் சுற்றும் பெண்கள் வாயில், தபிஷ் என்ற பெயரோடேயே அவளுடைய கஜல்கள் புழங்கின. ஆண்கள் காதில் விழுந்திருக்கும். பெண்கள் என்னவோ முனகுகிறார்கள் என்று தாண்டிப் போயிருப்பார்கள்.

அந்தக் கோபத்தை அவள் வீட்டிலும் காட்டினாள். அடுப்பில் சாலன் கொதித்தால் சாலன்மேல், பிள்ளை அழுதால் பிள்ளைமேல். வதூத் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். ஒருநாள், "இவ்ளோ கோவம் ஒடம்புக்கு ஆகாது" என்றான். "அப்ப நீங்க கொஞ்சம் பட்டுக்குங்க. பாதியாக் கொறையும்" என்றாள்.

கமர் இதற்குள் பெரிய ஆளாகிவிட்டான். தில்லி, ஹைதராபாத், வளைகுடா நாடுகள் என்று சுற்றினான். மன்றம் அவனுக்குப் பாராட்டு விழா எடுத்தது. வெள்ளிக்கிழமை, தறிகளுக்கு விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்து, பெண்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். பெண்களுக்குப் பின்பக்கம் தனி இடம், நடுவே படுக்கை விரிப்புகளைத் தைத்து ஒரு திரை. ஊரே வந்தது. குத்ஸியா வரமாட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். முதல் ஆளாக வந்து திரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். விரிப்பில் தையல் விட்ட இடம் ஒன்று இருந்தது, அதன்வழியே மேடை தெரிந்தது.

மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். மாஸ்டர் அரைமணி நேரம் பேசினார். "இந்த மண்ணின் உழைப்பு கமரின் எழுத்தில் மணக்கிறது" என்றார். திரைக்குப் பின்னால் ஹாஜரா, "மணக்குது, நம்ம வேர்வ" என்றாள். பிறகு கமர் எழுந்தான். 'யார் கேட்டார்' வேண்டும் என்று கூட்டம் கத்தியது. எட்டு வருஷமாக அந்த ஒன்றை வைத்தே வயிறு வளர்க்கிறவன், அவர்கள் கேட்பதற்காகவே காத்திருந்தான்.

கமர் சும்மா பாடமாட்டான், நடித்துக் காட்டுவான். காற்று என்றால் கை அலையும், கதவு என்றால் உள்ளங்கை விரியும். மூன்றாவது ஈரடிக்கு வந்தான்.

*ஊருடுக்கத் துணி கொடுத்தோம், விரல் அறுந்த கோடு*
*நூல் அறுத்ததா, நீ அறுத்ததா என யார் கேட்டார்*

'கோடு' என்று சொல்லும்போது கண்ணை மூடி, குரலை உடைத்து, ஒரு விரலை மேலே தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினான். வலது கையின் சுண்டுவிரல்.

ஆண்கள் வாஹ் என்றார்கள். திரைக்குப் பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், அடக்க முடியவில்லை. முந்நூறு பெண்கள், முந்நூறு பேரின் இடது ஆள்காட்டி விரலிலும் கோடு. சுண்டுவிரலில் நூல் பிடித்துத் தார் சுற்றுகிறவனை அவர்கள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. "வலது கையால நூலப் புடிச்சா ராட்டைய எதால சுத்துவாரு, காலாலயா?" என்று ஹாஜரா உரக்கவே கேட்டாள். முன்வரிசை ஆண்கள் தங்களையறியாமல் தங்கள் வீட்டுப் பெண்களின் கையை நினைத்துப் பார்த்தார்கள். அவர்கள் முகம் மாறியது மேடையிலிருந்து கமருக்கே தெரிந்தது.

கமர் விரலை மடக்கிக்கொண்டான். வேகமாக அடுத்தடுத்த ஈரடிகளைச் சொல்லி முடித்துவிடப் பார்த்தான். கடைசி ஈரடிக்கு வந்து வாயைத் திறந்தான். பெயரைச் சொல்ல விடவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து, யாரும் யாருக்கும் ஜாடை காட்டாமல், எட்டு வருஷப் பழக்கத்தில் எல்லாப் பெண்களும் சேர்ந்து சொன்னார்கள்.

*தபிஷ், உன் பேர் தீயில் எழுதி நீரில் விட்டார்கள்*
*எரிந்ததா, அணைந்ததா என யார் கேட்டார்*

மாஸ்டர் ஒலிபெருக்கியில் "அமைதி, அமைதி" என்று கத்தினார். அமைதியாகத்தான் இருந்தது. கமர் தண்ணீர் கேட்டான். தண்ணீர் வருவதற்குள் சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டுப் பந்தலின் பின்பக்கமாகப் போய்விட்டான். சாயங்கால அசர் தொழுகைக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவிவிட்டது: கமர் திருடன், அந்தக் கஜல்கள் மிஸ்திரி வீட்டிலிருந்து வந்தவை.

மிஸ்திரி வீட்டிலிருந்து. அதைக் கவனியுங்கள்.

மறுநாள் சாயங்காலம் வதூத் ஷப்பீர் ஹோட்டலுக்கு டீ குடிக்கப் போனான். வீடு திரும்பும்போது முகம் ஒரு மாதிரி மலர்ந்து கிடந்தது. குத்ஸியா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான். அடுத்த நாள் காலையில் ஹாஜரா மூச்சு வாங்க வந்தாள்.

"ஆபா, ஹோட்டல்ல நடந்தது தெரியுமா? எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. எல்லாரும் வதூத் பாயைத் தோள்ல தூக்காத குறையாம்."

"அவர எதுக்குத் தூக்கணும்?"

"அவர்தான் எழுதினாராம் ஆபா. தறிச் சத்தத்துல சந்தம் கண்டுபுடிச்சாராம். கூச்சப்பட்டுக்கிட்டு பொண்டாட்டி பேர்ல அனுப்பினாராம். ரியாஸத் மாஸ்டரே எழுந்து நின்னு கட்டிப் புடிச்சாராம்."

குத்ஸியா கையிலிருந்த நூலை விட்டுவிட்டாள். பதினேழு கஜல்கள், எட்டு வருஷம், முந்நூறு பெண்களின் தொண்டை. திருடனிடமிருந்து பிடுங்கிய பொருளை உடையவளிடம் கொடுக்காமல், வழியில் போன முதல் ஆம்பளையின் கையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதுவும் யார் கையில்? வெளியூரிலிருக்கும் தம்பிக்கு நாலு வரி கடிதம் எழுதவே அவளைக் கூப்பிடுகிறவன் கையில். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பகல் சாப்பாட்டுக்கு வதூத் வந்தான். தட்டு வைக்கப்படவில்லை.

"ஹோட்டல்ல என்ன சொன்னாங்க?"

வதூத் செருப்பைக் கழற்றினபடியே நின்றான். "நான் இல்லேன்னு சொன்னேன் குத்ஸியா. சத்தியமா சொன்னேன்."

"எத்தன தடவ?"

"ஒரு தடவ."

"அப்புறம்?"

"அப்புறம் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. எல்லாரும் அவ்ளோ சந்தோஷமா இருந்தாங்க. நான் எப்படி..."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"டீ குடிச்சேன்."

கமர் திருடினதுகூட இப்படி வலிக்கவில்லை. அவன் அந்நியன். குத்ஸியா நகாபை எடுத்து மாட்டினாள். "செருப்பப் போடுங்க" என்றாள். வதூத் போட்டான்.

ஷப்பீர் ஹோட்டலுக்குள் அதுவரை ஒரு பெண்ணும் கால் வைத்தது கிடையாது. வாசலில் அவள் நின்றதும் பேச்சு அறுந்தது. முகத்திரையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னால் வதூத். மாஸ்டர் வழக்கமான மூலையில் இருந்தார். சலூன்காரர் இத்ரீஸ், நாலைந்து கவிஞர்கள், மற்றபடி தறிக்காரர்கள்.

"எல்லாரும் இருக்கீங்க. நல்லது" என்றாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க."

வதூத் தொண்டையைக் கனைத்தான். "அல்லா மேல ஆணையா சொல்றேன். அதுல ஒரு அடிகூட நான் எழுதல. எனக்கு வராது. நான் வெறும் மிஸ்திரி."

மாஸ்டரின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? இதான் பெரிய கவிஞன். நான் ஒண்ணுமில்ல, எனக்கு வராதுங்கறான் பாருங்க! நம்ம பெரியவங்க எந்தக் காலத்துல தன்ன கவிஞன்னு ஒத்துக்கிட்டாங்க?"

"சுப்ஹானல்லா" என்றார் இத்ரீஸ். இன்னும் இரண்டு பேர் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார்கள். இந்த ஊரில் நல்ல கவிஞன் எவனும் நான் எழுதுவேன் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டான். ஏதோ கிறுக்குவேன் என்பான், அடியேன் என்பான். மரியாதை அது. வதூத் எவ்வளவு மறுத்தானோ அவ்வளவு பெரிய கவிஞனாகிக்கொண்டே போனான். இந்த மடத்தனத்தை எங்கே போய் முட்டிக்கொள்வது?

குத்ஸியா அவர்கள் பக்கம் திரும்பி, "சரி. எழுதினவர் வாயாலயே கேளுங்க" என்றாள். "என்னங்க, 'யார் கேட்டார்' சொல்லுங்க."

வதூதின் முகம் வெளிறியது. "குத்ஸியா, வேணாமே" என்றான் மெதுவாக.

"சொல்லுங்க."

"வாசல் வரைக்கும் வந்த காத்த... வாங்கன்னு யாரு கேட்டாங்க. வந்துட்டு அப்புறமா அது ஏன் போச்சுன்னும் யாரும் கேக்கல."

இத்ரீஸ் பல்வலிக்காரனைப் போல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு கவிஞன் கையிலிருந்த டீ சாஸரில் சிந்தியது. "பதட்டத்துல சொல்றாரு. நிதானமா, மிஸ்திரி, நிதானமா" என்றான் ஹோட்டல்காரன் ஷப்பீர்.

வதூத் நிதானமாகச் சொன்னான். நிதானமாகச் சொன்னது இன்னும் மோசமாக இருந்தது. இரண்டாவது ஈரடியில் பாதியை விழுங்கிவிட்டான். மூன்றாவதில் விரலும் கோடும் இடம் மாறின. தறியின் இரைச்சலில் ஒரு நட்டைக் கண்டுபிடிக்கிறவனுக்கு, தன் வாயிலிருந்து வருவது எவ்வளவு கோரம் என்பது மட்டும் கேட்கவில்லை. ஆனால் எதிரே இருந்த முகங்கள் தெரிந்தன. தன்னை எதற்காக இங்கே நிறுத்தியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இனி சாகும்வரை இந்த ஹோட்டலில் அவனைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

"போதும்பா, போதும்!" மாஸ்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

வதூத் நிமிர்ந்தான். "இல்ல மாஸ்டர். முழுசா கேளுங்க" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் குரல் உயர்ந்து குத்ஸியா கேட்டது அன்றுதான். "நேத்து கட்டிப் புடிச்சீங்கல்ல? கேளுங்க." ஏழு ஈரடியையும், ஒன்றுவிடாமல், கை கால் முறித்துச் சொல்லி முடித்தான். வியர்வையைத் துடைத்தான். "இதான் எனக்கு வர்றது. இப்ப நம்பறீங்களா?"

தன் கஜலை இந்தக் கோலத்தில் கேட்ட குத்ஸியாவால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னாள், முதல் அடியிலிருந்து. கமரைப் போல் பாடவில்லை, கை ஆட்டவில்லை. சண்டையில் சொல்வதைப்போல் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள். ஒரு அசை பிசகவில்லை. தபிஷ் என்ற பெயர் வந்தபோது அதை மட்டும் சற்று நிறுத்திச் சொன்னாள்.

"வாஹ்!" என்று ஏழெட்டுக் குரல்கள் வெடித்தன. வெடித்தவர்கள் அத்தனை பேரும் வதூதைப் பார்த்துத்தான் சொன்னார்கள். பழக்கம். ஒரு பெண் சொன்ன கஜலுக்கு யாரைப் பார்த்து வாஹ் சொல்வது என்று அவர்களுக்கு வேறு எதுவும் தெரியாது.

குத்ஸியா மேஜையில் ஓங்கி அறைந்தாள். டம்ளர்கள் குதித்தன.

"இந்தப் பக்கம் பாருங்க. வாஹ் சொல்றதா இருந்தா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா வாய மூடிக்கிட்டு டீயக் குடிங்க."

இத்ரீஸ் முதலில் திரும்பினார். அப்புறம் ஷப்பீர், அப்புறம் ஒவ்வொருவராக. கடைசியாக ரியாஸத் மாஸ்டர் காதிலிருந்து கையை எடுத்து, கட்டைபோலிருந்த கழுத்தைத் திருப்பி, அவளை நேருக்கு நேர் பார்த்தார்.

"முகர்ரர்" என்றார். "இன்னொரு தடவ சொல்லும்மா."

"முடியாது" என்றாள் குத்ஸியா. "எட்டு வருஷம் சொன்னேன்."

முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கி நடந்தாள். வதூத் பின்னாலேயே போனான்.